குறும்பட்டியலில் ஒரு வடசேரி

1

நான் குடியேறிய நாட்டில் ஆண்டுக்கு ஒருமுறை அறிவியல் கதை, மாயக்கதை, பேய்க்கதை எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு தேசிய விருது கொடுக்கிறார்கள். பரிசை அறிவிக்கும் முன் ஒரு குறும்பட்டியல் வரும். சிறுகதைப் பிரிவில் ஐந்து கதைகள். அந்த ஐந்தையும் வாசித்து, எது ஜெயிக்கும் என்று ஆரூடம் சொல்லி, நாகர்கோவிலில் இருந்து வரும் இந்தச் சிறுபத்திரிகைக்கு நாலு பக்கம் எழுதி அனுப்புவது ஒன்பது வருடமாக என் பணி. யாரும் என்னிடம் கேட்கவில்லை. நானாகத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டது. ஒன்பது வருடத்தில் ஒருமுறைகூட நான் சொன்ன கதை ஜெயித்ததில்லை. என் கட்டுரை வந்ததும், இந்த வருடம் எந்தக் கதை தோற்கும் என்பது உறுதியாகிவிடுகிறது என்று ஆசிரியர் ஒருமுறை பாராட்டி எழுதினார்.

புதிதாக வாசிக்க வருகிறவர்களுக்காக என்னைப் பற்றி நாலு வரி. சுசீந்திரத்துக்குப் பக்கத்து ஊர்க்காரன். இருபத்தைந்து வருடமாக ஆஸ்திரேலியாவின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் டாஸ்மேனியாத் தீவில், ஹோபார்ட் என்ற ஊரில் இருக்கிறேன். இந்தியாவின் தெற்கு முனையில் இருந்து கிளம்பியவன் இந்த நாட்டின் தெற்கு முனையில் வந்து விழுந்திருக்கிறேன். இதற்கும் தெற்கே போவதென்றால் பென்குயினாகத்தான் பிறக்க வேண்டும். வேலை ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில். கேரட்டை வேகவைத்துக் கூழாக்கி, அந்தக் கூழை மறுபடி கேரட் வடிவ அச்சில் ஊற்றிக் கொடுப்பது. பௌதிகத்தில் பட்டம் வாங்கியது இதற்குத்தான் என்று அப்போது தெரியாமல் போய்விட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பேய்க்கதை வாசிக்கிறவன் தைரியசாலி என்று சிலர் நினைக்கிறார்கள். நான் சரியான பயந்தாங்கொள்ளி. எங்கள் இல்லத்தில் ஒருவர் இறந்துபோனால், அந்த அறையைச் சுத்தம் செய்து வேறு ஆள் வரும்வரை அந்தத் தாழ்வாரத்துக்கு நான் உணவுத் தட்டு கொண்டுபோக மாட்டேன். கூட வேலை செய்கிறவர்களிடம் முட்டிவலி என்று சொல்லி மாற்றிக்கொள்வேன். காகிதத்தில் இருக்கிற பேய்க்குப் பக்க எண் உண்டு. மூடி வைத்தால் வாயை மூடிக்கொள்ளும். அந்த நம்பிக்கையில்தான் இத்தனை வருடம் வாசித்தேன்.

இந்த வருடக் கட்டுரை தாமதமானதற்குக் காரணம், ஒரு கதை மூடிய பிறகும் வாயை மூடாததுதான்.

2

பட்டியல் வந்த அன்று மதிய இடைவேளையில் செல்பேசியில் பார்த்தேன். ஐந்து தலைப்பு, ஐந்து பெயர். ஐந்தாவது பெயரைப் பார்த்ததும் கையில் இருந்த ரொட்டி நழுவியது. ஏ. வடசேரி.

வடசேரி என்றால் நாகர்கோவிலின் சந்தையும் பேருந்து நிலையமும் இருக்கிற இடம். அந்தச் சந்தையில்தான் என் அப்பா நாற்பது வருடம் வாழைக்குலை விற்றார். அப்படிப்பட்ட பெயர் ஆங்கில எழுத்தில், தேசியக் குறும்பட்டியலில்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு வியாதி உண்டு. வெளியூரில் ஊர்ப்பெயரைக் கண்டுவிட்டால் முதலில் கை வேலை செய்யும், பிறகுதான் மூளை. சிங்கப்பூர் விமான நிலையத்தில் ஒரு அட்டைப்பெட்டியில் 'தக்கலை' என்று எழுதியிருந்ததைப் பார்த்து, அதன் சொந்தக்காரரிடம் முக்கால் மணி நேரம் பத்மநாபபுரம் அரண்மனையைப் பற்றிப் பேசியவன் நான். அவர் பிலிப்பைன்ஸ்காரர். பெட்டி மட்டும்தான் தக்கலை.

அதே வியாதியில், கதையின் முதல் வரியைக்கூட வாசிக்காமல், சுட்டியை அண்ணனுக்கு அனுப்பினேன். கீழே ஒரு குறிப்பும் எழுதினேன்: 'நம்ம வடசேரி ஆள் ஒருத்தர் இங்கே கலக்குகிறார். கட்டாயம் வாசிக்கணும்.'

அண்ணன் துரைமணி என்னைவிட ஆறு வயது மூத்தவர். ஊரிலேயே இருக்கிறார். அப்பாவின் கடையை எடுத்து நடத்தி, இப்போது மகனிடம் விட்டுவிட்டு, எங்கள் ஊர் நிழல்தாங்கலைக் கவனித்துக்கொள்கிறார். நாங்கள் அய்யாவழிக் குடும்பம். நிழல்தாங்கல் எங்கள் வழிபாட்டிடம். தலைப்பாகை கட்டி, கண்ணாடிக்கு முன்னால் நின்று கும்பிடுவோம். ஐந்து நிமிடத்தில் அண்ணன் கூப்பிட்டார்.

"லே, வடசேரின்னு போட்டிருக்கே. யாருலே அது?"

"தெரியல அண்ணே. நம்ம ஆளாத்தான் இருக்கும்."

"இந்தப் பொடி எழுத்தெல்லாம் நமக்கு ஓடாது. ஜெபமணி சார்ட்ட குடுத்து வெவரமா கேக்கேன். அவருக்கும் பொழுது போவும்லா."

ஜெபமணி சார் மிஷன் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் எடுத்து ஓய்வு பெற்றவர். அண்ணனின் பக்கத்து வீடு. எனக்கும் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான்.

"கண்டிப்பா குடுங்கண்ணே," என்றேன். என் வாயால், என் சந்தோஷத்தால் சொன்னேன்.

3

வழக்கப்படி முதல் நான்கு கதைகள்.

முதல் கதையில் ஒரு கடற்கரை ஊர். ஒருநாள் கடல் உள்வாங்கிப் போகிறது, திரும்பி வரவில்லை. மக்கள் காத்திருக்கிறார்கள். ஒரு தலைமுறை கழிந்து கடல் பின்வாசல் வழியாக வருகிறது. எங்கள் மாவட்டத்துக்காரன் வாசித்துவிட்டு நிம்மதியாகச் சாப்பிட முடியாத கதை. எழுதியவர் கடலைத் தொலைவில் இருந்து பார்த்தவர் என்று தோன்றியது. மீன் வாடையே இல்லை.

இரண்டாவதில், இறந்துபோன ஒருவருக்கு அரசு அலுவலகத்தில் இருந்து கடிதம் வந்துகொண்டே இருக்கிறது. 'தங்கள் விண்ணப்பம் முழுமையாக இல்லை.' அவர் ஒவ்வொருமுறையும் எழுந்து வந்து நிரப்பிக் கொடுக்கிறார். இதை நகைச்சுவை என்று இங்கே விமர்சகர்கள் எழுதியிருக்கிறார்கள். குடியுரிமைக்கு விண்ணப்பித்த யாரும் சிரிக்க மாட்டார்கள். என் அப்பாவின் பெயரை என் குடும்பப்பெயர் என்று அவர்கள் எடுத்துக்கொண்டு, என்னை என் அப்பாவின் பெயரால் 'மிஸ்டர்' போட்டுக் கூப்பிட ஆரம்பித்த நாளில் இருந்து நானும் பாதி ஆவிதான்.

மூன்றாவதில் முதியோர் இல்லத்தில் ஒரு பேசும் இயந்திரம், இறந்தவர்களின் குரலில் இரவு வணக்கம் சொல்கிறது. இதை வேலைக்கு எடுத்துப்போய் வாசித்தது என் முட்டாள்தனம். மறுநாள் சமையலறையில் அரவை இயந்திரம் இரைந்தபோது நான் அதற்குப் பதில் சொல்லிவிட்டேன்.

நான்காவதில் ஆடுகள் தூங்குவதற்காக மனிதர்களை எண்ணுகின்றன. எண்ணப்பட்டவர்கள் காணாமல் போகிறார்கள். சின்னக் கதை. இது ஜெயிக்கும் என்று எழுதலாம் என்றிருந்தேன். பாவம், எழுதியவர் இளம் பெண். அவள் வாழ்க்கையில் விளையாட வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

4

ஐந்தாவது கதையின் தலைப்பைத் தமிழில் 'திரும்புகிறவர்' என்று சொல்லலாம். ஓய்வறையில் உட்கார்ந்து, காலை ஆட்டிக்கொண்டு, ஊர்ப்பெருமையோடு ஆரம்பித்தேன்.

சந்தையில் வாழைக்குலை விற்கிற ஒரு மனிதர். சரி, நம்ம ஆள்தான் எழுதியிருக்கிறார் என்று மகிழ்ச்சி. அவர் சொல்வார்: வாழ்நாள் பூராவும் நின்றே கிடந்தேன், செத்தாலாவது என்னை உட்கார வையுங்கள்.

கால் ஆடுவது நின்றது. இது என் அப்பா சொன்னது. வேறு யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

எங்கள் பக்கத்துப் பழைய ஆட்கள் சிலருக்கு, இறந்தவரைச் சம்மணமிட்டு, வடக்குப் பார்த்து உட்கார வைத்து அடக்கம் செய்கிற வழக்கம் உண்டு. கதையில் அந்தக் கிழவரையும் அப்படித்தான் அடக்குகிறார்கள். அவருடைய இளைய மகன் தெற்கே, கடல் தாண்டி ஒரு தீவில் இருக்கிறான். அப்பாவின் மேல் உள்ள வெறுப்பில் அவன் வரவில்லை. கிழவர் மண்ணுக்குள் வடக்குப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார், மகன் இருக்கிற திசைக்கு முதுகு காட்டி.

ஒரு வருடம் கழித்து, மேலே வைத்த விளக்கு மாடம் கொஞ்சம் திரும்பியிருப்பதை மூத்த மகன் கவனிக்கிறான். மண் இளகியிருக்கும் என்று நேராக்கி வைக்கிறான். மறுவருடம் இன்னும் கொஞ்சம். பிறகு அவன் நேராக்குவதை நிறுத்திவிடுகிறான். கீழே இருப்பவர் திரும்பிக்கொண்டிருக்கிறார், அவசரம் இல்லாமல், சந்தையில் வாடிக்கையாளர் கூப்பிட்டால் திரும்புவதுபோல. கிழக்கு. தென்கிழக்கு. ஏழாவது வருடம் நேர் தெற்கு.

தீவில் இளைய மகன் வீட்டுச் சமையலறை அலமாரியில் ஒரு பிஸ்கட் டின் இருக்கிறது. நீல டின், மூடியில் குதிரை வண்டிப் படம். அதற்குள்தான் அவன் பாஸ்போர்ட்டை ஒளித்து வைத்திருந்தான், அப்பா இறந்தபோது பாஸ்போர்ட் கையில் இல்லை என்று அண்ணனிடம் பொய் சொல்லிவிட்டு. ஏழாவது வருடம் அந்த டின் தொட்டால் சுடுகிறது. மூடியைத் திறக்கிறான். உள்ளே ஈரமான சிவப்பு மண், விளிம்புவரை.

கதை அங்கே முடிகிறது.

என் வீட்டில் அந்த டின் இருக்கிறது. நீலம். குதிரை வண்டி.

ஏ என்றால் அபிநயா என்று அப்போதுதான் உறைத்தது. என் மகள். இருபத்தொரு வயது. எங்கள் கூடத்தான் இருக்கிறாள், காலையில்கூட என்னிடம் கார் சாவி கேட்டாள்.

அன்று வீட்டுக்குப் போய் அலமாரிக்கு முன்னால் நின்றேன். திறக்க முடியவில்லை. மனைவியைக் கூப்பிட்டேன். "செல்வி, அந்த டின்னைக் கொஞ்சம் எடுத்துத் திறந்து தாயேன்."

"ஏன், கையில என்ன?"

"முட்டிவலி."

"கையிலயா?"

அவள் திறந்து நீட்டினாள். உள்ளே கறுப்பாக, உருண்டை உருண்டையாக மண்ணாங்கட்டி. பின்னால் நகர்ந்து குளிர்சாதனப் பெட்டியில் முட்டிக்கொண்டேன். அவள் ஒன்றை எடுத்துக் கடித்தாள். போன வாரம் அவள் செய்த முந்திரிக்கொத்து.

5

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஏழு வருடம் முன்பு ஒரு காலையில் அண்ணன் கூப்பிட்டு, "அப்பா போயாச்சு மக்கா," என்றார். தூக்கத்திலேயே போனதாம். "நீ எப்ப கெளம்புத?"

ஹோபார்ட்டில் இருந்து மெல்போர்ன், சிங்கப்பூர், திருவனந்தபுரம், அங்கிருந்து கார். ஒன்றரை நாளில் போய்விடலாம். பாஸ்போர்ட் கையில் இருந்தது. டிக்கெட்டும் கிடைக்கும் என்று செல்வி பார்த்துச் சொன்னாள்.

எனக்கு ஒன்பது வயதில் அம்மா இறந்தாள். அவள் நெற்றியில் நாமம் வைக்கச் சொல்லி யாரோ என்னைத் தூக்கிப் பிடித்தார்கள். விரல் நெற்றியில் பட்டது. அந்தக் குளிர். உலகத்தில் எத்தனையோ குளிரைப் பார்த்துவிட்டேன், அண்டார்டிகாக் காற்று நேராக முகத்தில் அடிக்கிற ஊரில் இருக்கிறேன். அந்த ஒரு குளிர் மட்டும் வலது கை மோதிர விரலில் இன்னும் இருக்கிறது. அப்பாவின் நெற்றியிலும் வைக்க வேண்டியிருக்கும் என்று நினைத்தபோது, நாற்பது சொச்சம் வயது ஆள், தோளில் தூக்கிப் பிடிக்க யாரும் இல்லாத ஆள், உட்கார்ந்த இடத்தில் இருந்து எழ முடியவில்லை.

அண்ணனிடம் என்ன சொல்வது. கையில் ஒரு காரணம் தயாராக இருந்தது. இங்கே குடியுரிமை வாங்கினால் பழைய கடவுச்சீட்டை ஒப்படைக்க வேண்டும், புதியதோடு வெளிநாட்டு இந்தியர் அட்டையைச் சேர்த்துப் பதிய வேண்டும், அதற்குத் தூதரகத்துக்கு அனுப்ப வேண்டும், சிரிக்காத புகைப்படம் வேண்டும், காது தெரிய வேண்டும். இவ்வளவு குழப்பம் உண்மையாகவே இருக்கும்போது அதில் ஒரு பொய்யைச் செருகுவது எளிது.

"பாஸ்போர்ட்டு தூதரகத்துக்குப் போயிருக்குண்ணே," என்றேன்.

"அப்ப வர முடியாதா?"

அதற்கு 'ஆமாம்' என்று சொல்லவும் தைரியம் வேண்டும். எனக்கு அதுவும் இல்லை. "இல்லண்ணே, நாளைக்குள்ள கெடச்சிரும்னு சொல்லுதானுவ. வச்சிருங்க. நான் வந்திருகேன்."

"செரி. ஐஸ் பெட்டிக்குச் சொல்லியாச்சு. நீ வா."

இரண்டு நாள் அப்படியே இழுத்தேன். வீட்டில் செல்வியிடமும் அபியிடமும் பாஸ்போர்ட்டைக் காணவில்லை என்று சொல்லிவிட்டு, அதை அந்த டின்னுக்குள் ஒளித்து வைத்தேன். நாளை, நாளை. மூன்றாம் நாள், கிடைக்கவில்லை என்று சொல்லி அழுதேன். அழுகை பொய் இல்லை. அண்ணன் அன்று மாலை கூப்பிட்டார். "எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது. அப்பா கேட்ட மாதிரி உக்கார வச்சுதான் அடக்குனோம். ஒரு கொறையும் இல்ல. நீ சாப்பிடு."

அந்த இரண்டு நாளில் ஒருநாள், பதினான்கு வயது அபி பிஸ்கட் எடுக்க டின்னைத் திறந்தாள். நீலக் கடவுச்சீட்டை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். "அப்பா, தேடாதீங்க, இங்க இருக்கு." நான், "அது பழசு பிள்ளே," என்றேன். அவள் உள்ளே புரட்டித் தேதியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். டின்னில் திருப்பி வைத்து மூடினாள். அதன்பிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. பிள்ளைகள் மறந்துவிடும் என்று நினைத்தேன். இப்போது அது ஒரு தேசியக் குறும்பட்டியலில் இருக்கிறது. அதை அண்ணனுக்கு அனுப்பி, 'கட்டாயம் வாசிக்கணும்' என்று எழுதியதும் நான்.

6

ஜெபமணி சாருக்குக் கண் புரை எடுத்திருக்கிறது. ஒரு நாளைக்கு இரண்டு மூன்று பக்கம்தான் வாசிப்பார். அண்ணன் காலைச் சாயாவுக்குப் பிறகு போய் உட்கார்ந்து கேட்டுவிட்டு என்னைக் கூப்பிடுவார். எனக்கு அது மதிய இடைவேளை. கதை மொத்தம் பதினான்கு பக்கம். டின் பதினோராம் பக்கத்தில். உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஐந்து நாள், கூடினால் ஆறு.

முதல் நாள்: "நல்லாத்தாம்லே எழுதிருக்கான். ஒருத்தரு சந்தையில குலை விக்காரு. நம்ம அப்பா மாதிரியே. குலைய எப்பிடித் தட்டிப் பாக்கணும்னுலாம் சரியா இருக்கு."

"அப்பிடியா அண்ணே."

இரண்டாம் நாள்: "செத்தா என்ன உக்கார வைங்கடேன்னு சொல்லுதாராம். இத அப்பாவும் சொல்லுவாருல்லா. சந்தையில நிக்கவன் எல்லாவனும் இதத்தான் சொல்லுவானுவ போல."

"எல்லாருக்கும் கால்வலிதானே அண்ணே."

சொல்லிவிட்டு ஓய்வறைச் சுவரில் தலையைச் சாய்த்தேன். சொல்லிவிடலாம். இதுதான் நேரம். "அண்ணே," என்றேன்.

"சொல்லு."

"அங்க மழை உண்டா?"

மூன்றாம் நாள் ஞாயிறு. சார் ஆலயத்துக்குப் போய்விட்டார், வாசிப்பு இல்லை. அந்த ஞாயிறுக்காக நான் சபைக்கே நன்றி சொன்னேன். சாருக்குத் திடீரென்று கண்ணில் நீர் வடியக்கூடாதா, கண்ணாடி உடையக்கூடாதா, எனக்கு ஏ பி சி தாண்டிய ஆங்கிலத்தைக் கொடுத்த மனிதருக்கு நான் இதையெல்லாம் வேண்டிக்கொண்டேன்.

நான்காம் நாள்: அண்ணன் குரல் தாழ்ந்திருந்தது. "இன்னைக்கு அந்த ஆளு செத்தாச்சு. உக்கார வச்சு அடக்குதானுவ." பிறகு, "எளையவன் வரலியாம்."

"ம்."

"தீவுல இருக்கானாம். செரி. வை."

ஐந்தாம் நாள் கூப்பிடவில்லை. ஆறாம் நாளும் இல்லை. செல்பேசியை உணவு மேசையில் முகம் குப்புற வைத்துவிட்டுச் சாப்பிட்டேன். அதுவும் பயமாக இருந்தது, நிமிர்த்தி வைத்தேன். அன்று கேரட் கூழை உருளைக்கிழங்கு அச்சில் ஊற்றிவிட்டேன். எண்பது வயது மூதாட்டி ஒருத்தி என்னைக் கூப்பிட்டு, இந்த உருளைக்கிழங்குக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டாள்.

7

அன்று மாலை அபியைப் பகுதிநேர வேலைக்குக் காரில் கொண்டுபோய் விட்டேன். காரில் பேசுவதில் ஒரு வசதி, முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. அவள் பேசுவது நாகர்கோவில் தமிழ்தான், இங்கே சலவை செய்தது.

"வடசேரின்னு ஏன் பேர் போட்ட?"

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். "வாசிச்சிட்டீங்களா." பிறகு, "நீங்க எந்தக் கதை சொன்னாலும் அதுல வடசேரி வரும். அதான்."

"என்ட்ட சொல்லியிருக்கலாம்லா."

"சொன்னா நாலு பக்கம் எழுதி அனுப்புவீங்க. ஜெயிக்கும்னு சொல்லிருவீங்க."

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"பேரெல்லாம் மாத்தியிருக்கேன் அப்பா."

"டின்ன மாத்தலியே."

"டின் நல்லா இருந்தது."

ஒரு சிவப்பு விளக்கில் நின்றோம். அந்தக் கதையில் என்னை மண்ணைவிட அதிகம் உறுத்திய ஒன்றைக் கேட்டேன். "அந்தப் பையன் அப்பாவை வெறுக்கான்னு எழுதியிருக்க. ஏன்?"

"வேற என்ன காரணம் இருக்கும்? பாஸ்போர்ட் வீட்ல இருக்கு. டிக்கெட் இருக்கு. ஆனா போகல. வெறுப்புன்னு வச்சாத்தான் கதை நிக்குது."

"பயம்னு வச்சா நிக்காதா?"

"எதப் பாத்து பயம்?"

விளக்கு பச்சையானது. பின்னால் ஒருவன் ஒலி எழுப்பினான். நான் ஒன்பது வயதுக் கதையைச் சொன்னேன். மோதிர விரலைக் காட்டினேன், வண்டி ஓட்டிக்கொண்டே. கதையை அண்ணனுக்கு அனுப்பியதையும், ஜெபமணி சார் அதை வாசித்துச் சொல்வதையும் சொன்னேன். வழக்கமாக இந்த இடத்தில் ஒரு ஜோக் வரும். அன்று எதுவும் வரவில்லை.

அவள் வேலை செய்யும் கடை வாசலில் நிறுத்தினேன். இறங்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"ஏழு வருஷமா நீங்க தாத்தாவ வெறுத்தீங்கன்னு நெனச்சேன்," என்றாள். "என்னையும் ஒருநாள் அப்பிடி வெறுப்பீங்களோன்னு." பிறகு கதவைத் திறந்துகொண்டு, "பெரியப்பாட்ட நீங்களே சொல்லுங்க. சார் சொல்லி அவங்க கேக்கக்கூடாது," என்றாள்.

"கதைய மாத்த முடியுமா?"

"அச்சாகிட்டு அப்பா."

8

மறுநாள் வேலையில், இடைவேளை வரை காத்திருக்காமல் நானே கூப்பிடலாம் என்று பைக்குள் கைவிட்டேன். செல்பேசி அதற்கு முன்னால் அடித்தது.

"சார் முடிச்சிட்டாரு," என்றார் அண்ணன்.

"எல்லாமா?"

"எல்லாம். டின்னு, மண்ணு, எல்லாம். அபிதானே?"

"ஆமாண்ணே. அண்ணே, அன்னைக்கு பாஸ்போர்ட்டு என் கையிலதான் இருந்துச்சு. நான் பயந்து…"

"சவத்த விடுலே," என்றார். எங்கள் ஊரில் எதற்கெடுத்தாலும் வாயில் வருகிற சொல். சொன்ன பிறகு இருவருமே அந்தச் சொல்லைக் கேட்டோம்.

"ஒன் பாஸ்போர்ட்டு வரலன்னு அந்தத் தூதரகத்துக்காரனுவள நான் ஏழு வருசமா ஏசாத ஏச்சு இல்ல. நல்ல நாளு பெரிய நாளுல கூட ஏசியிருக்கேன். அவனுவகிட்ட இனி யாருலே போய் மன்னிப்பு கேப்பா?"

"கோவமாண்ணே?"

"பிள்ள கதையில ஒரு தப்பு இருக்கு. அவகிட்ட சொல்லு," என்றார்.

"என்னது?"

"அப்பாவ உக்கார வைக்கல."

எனக்குப் புரியவில்லை.

"நீ நாளைக்கு வந்திருகேன், வச்சிருங்கன்னு சொன்னியா. ஐஸ் பெட்டி வந்துச்சு. அதுல எங்க உக்கார வைக்க? படுக்க வச்சோம். ரெண்டு நாளு. பொறவு வெளிய எடுத்து மடக்கிப் பாத்தா, காலு மடங்கல மக்கா. குழி உக்காருகதுக்குத்தான் வெட்டி வச்சிருந்தோம். நானும் நாலு பேருமா பிடிச்சுப் பாத்தோம். வெந்நி ஊத்திக்கூடப் பாத்தோம். எலும்பு ஒடிஞ்சிரும்னு ஒருத்தன் சொன்னான். பொறவு குழிய நீட்டி வெட்டி, படுக்க வச்சு மூடியாச்சு."

"உக்கார வச்சோம்னுல்லா சொன்னீங்க."

"நீ அங்க கெடந்து அழுதுட்டு இருந்த. ஒன்னால ஆச்சுன்னு ஒனக்குத் தெரிய வேண்டாம்னு சொன்னேன்."

சமையலறையில் அரவை இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அதனால நீ பயப்படாத, கேட்டியா," என்றார் அண்ணன். "படுத்திருக்கவரு எப்பிடித் திரும்புவாரு? அப்பிடியேதான் கெடக்காரு. மாடம் நேராத்தான் இருக்கு. இன்னைக்கும் போயி பாத்தேன்." பிறகு, "ஏம்லே பாக்கப் போனேன்னு எனக்கே தெரியல," என்றார்.

'செரி, வை' என்று சொல்லாமலே வைத்துவிட்டார்.

9

ஆசிரியர் ஆரூடம் எங்கே என்று கேட்பார். ஐந்தில் எது ஜெயிக்கும் என்று இந்த வருடம் நான் சொல்லப்போவதில்லை. ஒரு கதை ஜெயிக்க வேண்டும் என்று உண்மையாகவே ஆசைப்படுகிறேன், அதனால் வாயைக் கட்டியிருக்கிறேன். எது அதிகம் பயமுறுத்தியது என்று கேட்டால், அது பட்டியலில் இல்லை. அண்ணன் தொலைபேசியில் சொன்னதுதான். அதில் பேய் இல்லை, யாரும் திரும்பவில்லை. காலைப் பிடித்துக்கொண்டு ஐந்து பேர் நிற்கிறார்கள், அவ்வளவுதான். அதை மூடி வைக்க வழி தெரியவில்லை.

ஊருக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். கடவுச்சீட்டு டின்னில் இல்லை, சாப்பாட்டு மேசையில் எல்லோரும் பார்க்கும்படி இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் போகாமல் சுற்றிக்கொண்டுதான் நடக்கிறேன். அபியும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். அவளிடம் அண்ணன் சொன்ன தப்பைச் சொன்னேன். அவள் குறித்துக்கொள்ளவில்லை. எழுந்து போய்க் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நேற்றுக் காலை யாரும் பார்க்காத நேரம் என்று நினைத்து, சமையலறைத் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து பார்த்தேன். ஐம்பத்து மூன்று வயது. இரண்டு முட்டியும் மலைபோல மேலே நின்றன. கையால் அழுத்தினேன். இத்தனை வருடம் பொய்யாகச் சொன்ன முட்டிவலி உண்மையாகவே வந்து சேர்ந்திருக்கிறது.

அபி தேநீர் போட வந்தவள் நின்றாள். "என்ன செய்யுதீங்க?"

"பழகுதேன். பொறவு உங்களுக்குக் கஷ்டம் வரக்கூடாதுல்லா."

ஜோக் என்றுதான் சொன்னேன். அவள் கெட்டிலை வைத்துவிட்டு வந்து என் முன்னால் குனிந்தாள். செல்பேசியில் திசைகாட்டியைத் திறந்து பார்த்தாள். நான் அடுப்பைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன், அது மேற்கு.

"வடக்கு அந்தப் பக்கம் அப்பா."

அந்தப் பக்கம் ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே மலை, மலைக்கு அப்பால் கடல், அதையெல்லாம் தாண்டி மேலே போனால் ஊர். இங்கே இருந்து வடக்குப் பார்த்தால் ஊரை நோக்கித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது என்பது இருபத்தைந்து வருடத்தில் எனக்குத் தோன்றவே இல்லை.

"நீங்க ஆடாதீங்க," என்று சொல்லி, என் பின்னால் வந்து, இரண்டு தோளையும் பிடித்து, அவசரம் இல்லாமல், தரையில் இழுத்து என்னைத் திருப்பி வைத்தாள்.